என்டிபியா, பிடிபியா, மாடியில் சொந்த ஆன்டெனாவா? நெட்வொர்க்கின் நேரத்தை எதை நம்பி அமைப்பது

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் கணினிக் கட்டமைப்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு (என்டிபி என்பது நெட்வொர்க் வழியாகக் கணினிகளுக்கு நேரம் தரும் நெறிமுறை), இல்லையென்றால் அவற்றிலிருந்து வழிவரும் சர்வரோடு, தங்கள் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அதுவரை "அது பாட்டுக்கு ஓடுது" என்று விட்டிருந்த விஷயத்தை ஆடிட்டர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பின்னாலேயே விற்பனையாளர்களும் வந்தார்கள். ஒருவர் பிடிபி (என்டிபியைவிட நுணுக்கமான நேர நெறிமுறை) கிராண்ட்மாஸ்டர், அதாவது அதன் தலைமைக் கடிகாரம், வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் ஜிபிஎஸ் பெட்டியோடு நிற்கிறார். சக ஊழியரோ, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும் என்கிறார். இதில் மாட்டிக்கொண்டு எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: எது அதிகத் துல்லியம்?

அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் தேவையில்லாத பெட்டிக்குப் பணம் போகும், தேவையான காவல் இல்லாமல் போகும் என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கடிகாரம் பொய் சொன்னால் அதை யார் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான்.

## எதை வைத்து அளப்பது

எவ்வளவு நெருக்கம் வேண்டும்? அலுவலகக் கணினிகளின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கெர்பரோஸ் முறை உள்நுழைவு 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். ஓடிபி செயலியில் எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். பல சர்வர்களின் லாக்கை அடுக்கி வைத்து, ஊடுருவியவன் எந்த வழியாக வந்தான் என்று பார்க்கச் சில மில்லிவினாடி நெருக்கம் வேண்டும். அதிவேகப் பங்கு வர்த்தகத்துக்கு ஐரோப்பாவின் மிஃபிட் 2 விதி கேட்பது 100 மைக்ரோவினாடி. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் மின்னலையின் அளவையும் கட்டத்தையும் அளக்கும் பேசர் கருவியில் நேரம் சுமார் 32 மைக்ரோவினாடி பிசகினால், அதுவே அனுமதிக்கப்பட்ட 1% பிழையைத் தின்றுவிடும். ஒரே அலைவரிசையில் மாறிமாறி அனுப்பியும் வாங்கியும் இயங்கும் 5ஜி கோபுரங்களுக்கு ±1.5 மைக்ரோவினாடி. ஐந்து நிமிடத்துக்கும் ஒன்றரை மைக்ரோவினாடிக்கும் இடையே 20 கோடி மடங்கு. இந்த நீளத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

நேரம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியுமா? 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. எந்த லைன் முதலில் விழுந்தது என்று வரிசைப்படுத்த உட்கார்ந்த விசாரணைக் குழுவுக்குப் பதிவுக் கருவிகளின் நேர முத்திரைகளே தலைவலியாயின. பல கருவிகளின் கடிகாரங்கள் தேசிய நேரத்தோடு சரிபார்க்கப்படவே இல்லை. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்றானது. துல்லியம் மட்டும் இருந்தால் போதாது. தேசிய நேரம் வரை சங்கிலி அறுபடாமல் போகிறது என்பதற்கு எழுத்தில் சான்றும் வேண்டும்.

மூலம் தவறினால், அல்லது யாராவது ஏமாற்றினால்? பிழையும் தாக்குதலும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டையும் எந்த ஏற்பாடு கண்டுகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூலம் அறுந்துபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்? சாதாரண மதர்போர்டுக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 வினாடி ஓடிவிடும்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு என்ன? கேபிள், சுவிட்ச், ஆள், பராமரிப்பு எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொரு தேர்விலும் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

## எல்லாத் தேர்வுக்கும் பொதுவான ஒரு பலவீனம்

நெட்வொர்க் வழியாக நேரம் வாங்குவது எப்படி என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. என்டிபியில் நான்கு முத்திரைகள் உண்டு: உங்கள் கணினி கேள்வியை அனுப்பிய நேரம், சர்வருக்கு அது சேர்ந்த நேரம், சர்வர் பதிலை அனுப்பிய நேரம், உங்களுக்குப் பதில் சேர்ந்த நேரம். போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு, கடிகார வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது.

அந்தச் சமத்தில்தான் சிக்கல். உங்கள் கடிகாரம் உண்மையில் மிகச் சரியாக இருக்கிறது என்று வையுங்கள். கேள்வி போக 30 மில்லிவினாடி, சர்வர் உடனே பதிலைத் திருப்ப, அது வர 10 மில்லிவினாடி. சர்வருக்குச் சேர்ந்தது 30-இல், உங்களுக்குத் திரும்பியது 40-இல். போகும் வழியில் +30, வரும் வழியில் −10. கூட்டி இரண்டால் வகுத்தால் 10. சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை 10 மில்லிவினாடி தள்ளிவை என்று கணக்கு சொல்கிறது. எவ்வளவு நேரம் அளந்தாலும், எத்தனை முறை சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது, ஏனென்றால் வழிகளின் வித்தியாசம் எல்லா அளவிலும் ஒரே பக்கம் சாய்கிறது. போகிற வழியும் வருகிற வழியும் வேறுவேறாக இருக்கும் இணைய இணைப்புகளில் இது அன்றாடம் நடப்பது. ஒரு ஆறுதல்: இந்தப் பிழை மொத்தச் சுற்றுநேரத்தில் பாதிக்கு மேல் போகாது. சுற்றுநேரம் 40 என்றால் பிழை 20-க்குள். அதனால்தான் பக்கத்திலிருக்கும் சர்வர் எப்போதும் மேல்.

பிடிபியும் இதே சமத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு ஜோடி ஃபைபரில் போகும் இழையும் வரும் இழையும் நீளத்தில் வேறுபட்டால் அங்கேயும் இதே கதை, நானோவினாடி அளவில்.

## தேர்வு 1: பொது என்டிபி சர்வர்கள்

பின்னர் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் ஆர்எஃப்சி 958 ஆக (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணங்களின் வரிசை) எழுதிவைத்த நெறிமுறை இது. 1992-இல் மூன்றாம் பதிப்பும் 2010-இல் இப்போதைய நான்காம் பதிப்பும், ஆர்எஃப்சி 5905, வந்தன. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். இன்று உலகில் ஓடும் கணினிகளில் பெரும்பாலானவை நேரம் பார்ப்பது அவர் போட்ட பாதையில்தான்.

அவர் வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது, எந்த ஒரு சர்வரையும் முழுதாக நம்பாதது. பல சர்வர்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் சொல்லும் நேரத்தை அதன் பிழை எல்லையோடு சேர்த்து வைத்து, பெரும்பான்மை எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, விலகி நிற்பதைத் தள்ளிவிடும். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையத்தின் இரண்டு பெயர்பெற்ற என்டிபி சர்வர்கள், ஆண்டு 2000 என்று பதில் சொல்லத் தொடங்கின. அவற்றை மட்டும் நம்பியிருந்த அலுவலகங்களில் டொமைன் சர்வர்களே பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போய் உள்நுழைவுகள் தடைபட்டன. நான்கைந்து மூலம் வைத்திருந்தவர்களின் கணினிகள் அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன.

ஆகவே எண்ணிக்கை முக்கியம். இரண்டு சர்வர் வைத்தால் எது தவறு என்று தெரியாது. மூன்று வைத்தால் பெரும்பான்மை கிடைக்கும்; அதில் ஒன்று செயலிழந்தால் மறுபடி இரண்டுதான். 2019-இல் வந்த நற்பழக்க ஆவணம், ஆர்எஃப்சி 8633, குறைந்தது நான்கைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

துல்லியம்: இணையம் வழியாகச் சில மில்லிவினாடியிலிருந்து பத்துப் பதினைந்து வரை, ஒரே வளாக லேனில் ஒரு மில்லிவினாடிக்குக் கீழே.

மறைசெலவு: என்டிபி செய்தியில் இயல்பாகப் பூட்டு இல்லை, நடுவில் இருப்பவர் மாற்றலாம். ஒவ்வொரு கணினியும் நேரே வெளியே போய்க் கேட்டால் ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட்டை எல்லோருக்கும் திறக்க வேண்டிவரும். கவனமில்லாமல் வைத்த பழைய என்டிபி சர்வர்கள் பிறர்மேல் தாக்குதலுக்கும் பயன்பட்டன. 'மான்லிஸ்ட்' என்ற கட்டளைக்கு ஒரு சிறு கேள்வி கேட்டால் கடைசி 600 முகவரிகளைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை வைத்து, 2014 பிப்ரவரியில் ஏறத்தாழ 400 ஜிகாபிட் அளவுக்குத் தாக்கினார்கள்.

இங்கே எஸ்என்டிபி பற்றி ஒரு வரி. லினக்ஸில் சிஸ்டம்டியோடு வரும் டைம்சிங்க்டி, பல கேமராக்கள், சிறு ரவுட்டர்கள் ஆகியவற்றில் ஓடுவது இந்த எளிய வடிவம். ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் நம்பும், வாக்கெடுப்பு கிடையாது. முனையில் இருக்கும் சாதனத்துக்குச் சரி, சர்வருக்கு வேண்டாம். அங்கே முழு என்டிபியையும் ஓட்டும் குரோனி என்ற மென்பொருளைப் போடுங்கள்.

## தேர்வு 2: மாடியில் ஆன்டெனா, அறையில் சொந்த முதல் அடுக்கு சர்வர்

ஜிபிஎஸ், கலிலியோ, நேவிக் போன்ற செயற்கைக்கோள்களிடமிருந்து நேரே நேரம் வாங்கி உள் நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் ஏற்பாடு. பெட்டிக்குள் பிழை மைக்ரோவினாடிக்கும் கீழே. இணையம் அறுந்தாலும் உங்கள் நேரம் ஓடும். வெளியே போகாமல் மூடிய நெட்வொர்க் வைத்திருக்கும் துணைமின்நிலையம், மருத்துவமனை, ஆலை ஆகியவற்றுக்கு இது பல நேரங்களில் ஒரே வழி.

விலைப்பட்டியலில் பெட்டி இருக்கும், ஆன்டெனா இருக்கும். இல்லாதவற்றைச் சொல்கிறேன். வானம் நன்றாகத் தெரியும் மாடி இடம் வேண்டும். வாடகைக் கட்டடத்தில் அதற்குத் தனி அனுமதி. கேபிளில் இடி காப்பான் கட்டாயம். ஐப்பசி மழையின் முதல் இடியிலேயே ரிசீவர் போய்விட்டால் அந்த ஆண்டு முழுக்க யாரும் ஏறிப் பார்க்கமாட்டார்கள். கேபிளின் நீளமும் கணக்கில் வரும்: மீட்டருக்கு 4 முதல் 5 நானோவினாடி, 50 மீட்டர் ஓடினால் 200 முதல் 250 நானோவினாடி. என்டிபிக்கு அது பொருட்டில்லை. பிடிபிக்கு மூலமாக வைத்தால் அந்த எண்ணைப் பெட்டியில் பதிய வேண்டும், பதியாமல் விட்டால் யாருக்கும் தெரியாமலேயே நிலையான பிழையாக உட்கார்ந்துவிடும்.

மென்பொருள் வயதும் ஒரு செலவு. ஜிபிஎஸ் தன் பழைய செய்தியில் வாரங்களை 1024 வரை மட்டுமே எண்ணும். 2019 ஏப்ரல் 6 அன்று அந்த எண் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தபோது, புதுப்பிக்கப்படாத ரிசீவர்கள் பல பத்தொன்பதரை ஆண்டுகள் பின்னுக்குப் போயின. செயற்கைக்கோளும் தவறும். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஓய்வுபெறச் செய்தபோது, அது அனுப்பும் யுடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத்தில் சுமார் 13 மைக்ரோவினாடிப் பிழை பரவியது. மில்லிவினாடியில் வாழ்பவர்களுக்கு அது தெரியவே இல்லை. மைக்ரோவினாடியில் வாழும் டெலிகாம் நெட்வொர்க்குகளில் பல மணி நேரம் எச்சரிக்கை மணி அடித்தது.

சிக்னலை மறைக்கும் ஜாமர்களும், போலி சிக்னல் தரும் கருவிகளும் உண்டு. அதனால் உள்ளே இருக்கும் ஆஸிலேட்டரை, அதாவது சிக்னல் இல்லாதபோது நேரத்தை ஓட்டும் அதிர்வியை, கேட்டு வாங்குங்கள். வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கும் நல்ல அடுப்புக் கிரிஸ்டல் சிக்னல் போன பிறகும் பல மணி நேரம் மைக்ரோவினாடி அளவில் தாங்கும். ருபிடியம் அணுக் கடிகாரம் வைத்தது ஒரு நாள் முழுக்கச் சில மைக்ரோவினாடிக்குள் நிற்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி. மலிவான பெட்டியில் வருவது இவை இரண்டும் அல்லாத சாதாரணக் கிரிஸ்டல்தான்.

செர்ட்-இன் உத்தரவு இங்கே ஒரு நுணுக்கத்தைக் கொண்டுவருகிறது. ஜிபிஎஸ் நேரம் அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையத்தின் யுடிசியோடு இணைந்தது; உத்தரவு கேட்பது இந்தியச் சங்கிலி. பல நாடுகளில் பரந்த கட்டமைப்பு உள்ளவர்கள் வேறு தரமான மூலம் வைக்கலாம், அது இந்திய மூலத்திலிருந்து விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று உத்தரவே சொல்கிறது. மற்றவர்கள் சொந்தப் பெட்டியோடு தேசிய சர்வர்களையும் மூலமாகச் சேர்த்து, இரண்டின் வித்தியாசத்தையும் தினமும் பதிவு செய்யுங்கள். ஆடிட்டருக்குக் காட்டவும் அதுவே ஆவணம். 2025 ஜனவரியில் வெளியான இந்திய நேர விதிகளின் வரைவும் அதே திசையில்தான் போகிறது: சட்ட, நிர்வாக, வணிக வேலைகளுக்கு இந்திய நேரமே ஒரே ஆதாரம்.

## தேர்வு 3: பிடிபி

அளவைக் கருவிகளை ஒன்றாக ஓட்டுவதற்காக ஜான் ஐட்சன் உள்ளிட்ட பொறியாளர்கள் உருவாக்கியது 2002-இல் ஐஇஇஇ 1588 என்ற தரமானது. 2008-இலும் 2019-இலும் திருத்தப் பதிப்புகள். 2019 பதிப்பில், செர்ன் ஆய்வகத்தில் முடுக்கிகளுக்காக வளர்ந்த 'ஒயிட் ராபிட்' முறையின் சாரமும் உள்ளே வந்தது. அது ஒரு நானோவினாடிக்கும் கீழே போகும்.

இதன் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. செய்தி வடிவத்தில் மாயம் எதுவும் இல்லை. பாக்கெட் கம்பியைத் தொடும் கணத்தில் நெட்வொர்க் கார்டே முத்திரை குத்துகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சும், பாக்கெட் தன்னிடம் எவ்வளவு காத்திருந்தது என்று குறித்துக் கொடுக்கிறது, அல்லது தானே நேரம் வாங்கி மறுபடி கொடுக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் மென்பொருள் முத்திரையோடு சாதாரண சுவிட்சில் பிடிபி ஓட்டினால், நன்றாக அமைத்த என்டிபியைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. மறுபக்கம், கார்டு முத்திரையைக் குரோனிக்கும் கொடுத்தால், அதே லேனில் என்டிபியே மைக்ரோவினாடி அளவுக்கு இறங்கும். பிடிபிக்குப் பணம் ஒதுக்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

பிடிபி உண்மையில் எங்கே ஈடில்லாதது என்றால், பட்ஜெட்டை நானோவினாடியில் பங்குபோட வேண்டிய இடத்தில். துணைமின்நிலையங்களுக்கான ஐஇசி/ஐஇஇஇ 61850-9-3 சுயவிவரத்தை, அதாவது அந்தத் துறைக்கென வகுத்த பிடிபி அமைப்பு விதிகளை, பாருங்கள். மூலக் கடிகாரத்துக்கு 250 நானோவினாடி, வழியில் காத்திருந்த நேரத்தைக் குறித்துக் கொடுக்கும் ஒவ்வொரு டிரான்ஸ்பரன்ட் சுவிட்சுக்கும் 50. பதினைந்து சுவிட்ச் தாண்டினால் 750. மொத்தம் 1000, அதாவது ஒரு மைக்ரோவினாடி. பழுதில் மின்லைனைத் துண்டிக்கச் சொல்லும் ரிலே வரை போகும்போது கையில் எவ்வளவு மிச்சம் என்று தாளில் போட்டுப் பார்க்கலாம். என்டிபியில் இப்படியொரு கணக்கு போடவே முடியாது.

மறைசெலவில் முதலாவது சுவிட்சுகள். கிராண்ட்மாஸ்டரின் விலையைப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். வழியிலுள்ள அத்தனை சுவிட்சும் மாற வேண்டும் என்பது பிறகு வரும்.

இரண்டாவது, சுயவிவரங்கள். பிடிபி என்பது ஒரு குடும்பப் பெயர். டெலிகாமுக்கு ஜி.8275.1, ஜி.8275.2, மின்துறைக்கு மேலே சொன்னது, ஸ்டூடியோக்களுக்கு எஸ்டி 2059-2, ஆலைக்கும் வாகனத்துக்கும் 802.1ஏஎஸ். இரண்டு கருவிகளின் பெட்டியிலும் "1588 ஆதரவு" என்று அச்சிட்டிருக்கும். ஒன்று ஈதர்நெட்டில் நேரே பேசும், மற்றது ஐபி மேல் பேசும். ஒன்று முனைக்கு முனை தாமதம் அளக்கும், மற்றது அண்டைக்கு அண்டை அளக்கும். டொமைன் எண், அதாவது எந்தப் பிடிபி குழு என்பது, வேறாக இருக்கும். ஒன்றையொன்று காணவே காணாது. டெண்டரில் "பிடிபி வேண்டும்" என்று மட்டும் எழுதினால், கடைசியில் சண்டை உங்கள் மேஜைக்கு வரும். சுயவிவரத்தின் பெயரை எழுதுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. பிடிபியில் எந்தக் கடிகாரம் தலைமை என்பதை, தாங்களே தங்களைப் பற்றி அறிவிப்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். முன்னுரிமை எண் வழக்கமாக 128. யார் அதைவிடக் குறைந்த எண்ணை அறிவிக்கிறாரோ அவர் தலைமை. தவறாக அமைத்த ஒரு லேப்டாப் அதே டொமைனில் 1 என்று அறிவித்தால், தடுக்கும் ஏற்பாடு இல்லாத நெட்வொர்க்கில் எல்லோரும் அதன் பின்னால் போவார்கள். வாக்கெடுப்பு இல்லை, சந்தேகம் இல்லை. என்டிபி யாரையும் நம்பாமல் பிறந்தது. பிடிபி ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிப் பிறந்தது. 2019 பதிப்பில் பாதுகாப்புக்கு வழி எழுதியிருக்கிறார்கள், எல்லாக் கருவியிலும் அது வந்து சேரவில்லை. அதுவரை, தலைமை வரக்கூடாத சுவிட்ச் போர்ட்டுகளைக் கையால் பூட்டிவைப்பது உங்கள் வேலை.

## தேர்வு 4: என்டிஎஸ், அதாவது பூட்டிய என்டிபி

2020-இல் ஆர்எஃப்சி 8915 ஆக வந்தது. முதலில், இணையத்தளங்களைப் பூட்டும் டிஎல்எஸ் வழியாகச் சாவி பரிமாற்றம். பிறகு வழக்கமான என்டிபி பாக்கெட்டில் கையெழுத்து. நடுவில் யாராவது நேரத்தை மாற்றினால் தெரிந்துவிடும். குரோனியில் ஏற்கெனவே இருக்கிறது, செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆதரிக்கும் சர்வர்கள் உலகில் குறைவு. நீங்கள் நம்பும் மூலம் இதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. பாக்கெட்டை மாற்றாமல் ஒரு பக்கம் மட்டும் தாமதப்படுத்தினால், மேலே சொன்ன 30–10 கணக்கு மறுபடி வரும். கையெழுத்து அதைத் தடுக்காது. அடுத்தது, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்யச் சான்றிதழ் செல்ல வேண்டும். பேட்டரி செத்து 1970-இல் விழித்தெழும் சிறு கருவிகளில் இந்த முடிச்சை முதல் துவக்கத்திலேயே அவிழ்த்துவைக்க வேண்டியிருக்கும்.

## லீப் வினாடி: கலந்தால் கெடும்

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக 1972 முதல் 27 லீப் வினாடிகள், அதாவது கூடுதல் வினாடிகள், யுடிசியில் சேர்ந்திருக்கின்றன. கடைசியாக 2016 டிசம்பர் 31. 2035-க்குள் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்ட 2022 நவம்பரில் எடையளவுகள் பொது மாநாடு தீர்மானித்துவிட்டது. அதுவரை கவனம் வேண்டும். 2012 ஜூன் 30 நள்ளிரவில் சேர்ந்த ஒரு வினாடி, லினக்ஸ் கர்னலில் இருந்த ஒரு பிழையைத் தட்டியெழுப்பிப் பல பெரிய தளங்களை நிறுத்தியது.

கூகுள் அந்த ஒரு வினாடியை 24 மணி நேரத்தில் தேய்த்துப் பரப்புகிறது. தேய்க்கும் சர்வரையும் தேய்க்காத சர்வரையும் ஒரே பட்டியலில் வைத்தால், நடுவில் இரண்டும் அரை வினாடி வரை விலகும். எது பொய் என்று என்டிபி குழம்பும். ஒன்று எல்லாம் தேய்ப்பவை, அல்லது எல்லாம் தேய்க்காதவை.

பிடிபி யுடிசியில் ஓடுவதில்லை, சர்வதேச அணு நேரத்தில் ஓடுகிறது. இன்று இரண்டுக்கும் வித்தியாசம் 37 வினாடி. புதிதாக அமைத்த பிடிபி நெட்வொர்க்கில் லாக் சரியாக 37 வினாடி தள்ளி நின்றால், வேறெங்கும் தேடாதீர்கள். யுடிசி வித்தியாசத்தை யாரோ பதியவில்லை.

நேர மண்டலம் இந்த இரண்டு நெறிமுறைகளுக்கும் சம்பந்தமே இல்லாதது. 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்து ஐந்தரைக்குத் திரும்பியபோது, அங்குள்ள என்டிபி சர்வர்களில் எதுவும் மாற வேண்டியிருக்கவில்லை. மாற வேண்டியது ஒவ்வொரு கணினியின் மண்டலக் கோப்பு. லாக்கை யுடிசியில் எழுதிவைத்துத் திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டுங்கள்.

## தரத்தை யார் எழுதுகிறார்கள் என்பதும் செலவுதான்

என்டிபி, என்டிஎஸ் இரண்டும் இணையத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப் குழுவில் எழுதப்படுபவை. ஆவணம் இலவசம், விவாதம் திறந்த வெளியில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளர் மின்னஞ்சல் போட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். டெலிகாம் தரங்களை எழுதும் ஐடியுவின் ஆவணங்களைப் படிக்கலாம், எழுதும் மேஜையில் உறுப்பினர்களுக்கே இடம். ஐஇஇஇ 1588-ஐயும் ஐஇசி தரங்களையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சிறு நிறுவனத்தில் பிடிபி சிக்கலைத் தீர்க்க உட்காருபவர் மூல ஆவணத்தைப் பார்க்காமல், விற்பனையாளரின் கையேட்டை மட்டும் வைத்துத் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

என்டிபியின் ஐந்தாம் பதிப்பு இதை எழுதும் நேரத்தில் வரைவாக இருக்கிறது. 64 பிட் முத்திரை 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதையும், அனுப்பும் நேரம் யுடிசியா, அணு நேரமா, தேய்த்ததா என்பதையும் செய்தியிலேயே சொல்ல வரைவில் இடம் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன கலப்படச் சிக்கலுக்கு இது நல்ல மருந்து. அதற்காக இன்று எதையும் தள்ளிப்போட வேண்டாம். நான்காம் பதிப்பு பல ஆண்டுகள் கூடவே ஓடும்.

## ஒரே பார்வையில்

| | பொது என்டிபி | சொந்த ஆன்டெனா + என்டிபி | பிடிபி | என்டிஎஸ் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் நெருக்கம் | மில்லிவினாடிகள் | லேனில் மில்லிவினாடிக்குக் கீழே | மைக்ரோவினாடிக்குக் கீழே | என்டிபி போலவே |
| பொய்யைக் கண்டுபிடிப்பது | நான்கு மூலம் இருந்தால் நன்று | தனியாக வைத்தால் இல்லை | இயல்பாக இல்லை | வழியில் மாற்றினால் தெரியும் |
| மூலம் அறுந்தால் | கணினிக் கிரிஸ்டல் மட்டும் | ஆஸிலேட்டரைப் பொறுத்தது | கிராண்ட்மாஸ்டரைப் பொறுத்தது | கணினிக் கிரிஸ்டல் மட்டும் |
| மறைசெலவு | ஃபயர்வால், கண்காணிப்பு | மாடி, இடி காப்பு, ஃபர்ம்வேர் | எல்லா சுவிட்சும், சுயவிவரம், ஆள் | சான்றிதழ் பராமரிப்பு |

## யாருக்கு எது

கல்லூரி, அலுவலகம், சிறு மருத்துவமனை, கூட்டுறவு வங்கி: பொது என்டிபி போதும், ஆனால் நேரே எல்லாக் கணினியையும் வெளியே விடாதீர்கள். உள்ளே இரண்டு அல்லது மூன்று குரோனி சர்வர்கள். அவை ஒவ்வொன்றும் தேசிய சர்வர்களையும் சேர்த்து நான்கு மூலங்களைக் கேட்கட்டும். என்டிஎஸ் கிடைக்கும் மூலத்தில் அதைப் போடுங்கள். மற்ற அத்தனை கணினியும் இந்த உள் சர்வர்களை மட்டும் கேட்கட்டும். விர்ச்சுவல் மெஷின்களில் ஹோஸ்ட்டின் நேர ஒத்திசைவும் குரோனியும் ஒன்றாக ஓடினால் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இணையத்தைத் தொடாத ஆலை நெட்வொர்க்: ஆன்டெனாப் பெட்டி இரண்டு, முடிந்தால் வேறுவேறு நிறுவனத்துடையவை, வேறுவேறு செயற்கைக்கோள் குடும்பத்தைப் பார்ப்பவை. இரண்டுக்கு மேல் பட்ஜெட் இருந்தால், அந்தப் பணத்தை மூன்றாவது பெட்டியைவிட நல்ல ஆஸிலேட்டரில் போடுங்கள்.

துணைமின்நிலையம், 5ஜி கோபுரம், ஐபி வழி ஒளிபரப்பு: இந்த அளவு நேரத்தை நெட்வொர்க் வழியாகவே கொண்டுபோக வேண்டுமென்றால் பிடிபி தவிர வேறு வழியில்லை. சுயவிவரம் எது என்று துறையே தீர்மானித்திருக்கும். அங்கேயும் ஓர் என்டிபி சர்வரைப் பக்கத்தில் வைத்து, பிடிபி சொல்வதை அதோடு ஒப்பிட்டு, சில மில்லிவினாடி விலகினாலே மணி அடிக்கச் செய்யுங்கள். தலைமைக் கடிகாரம் வழிதவறினால் பிடிபிக்குள்ளிருந்து அது தெரியவராது.

நடுவில் நிற்பவர்கள், அதாவது நூறு மைக்ரோவினாடி அளவு வேண்டும் என்று நினைக்கும் வர்த்தக, ஆய்வக நெட்வொர்க்குகள்: கார்டு முத்திரையோடு குரோனியை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கார்டு அதற்கு ஒத்துவருமா என்று லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை சொல்லிவிடும். குரோனியின் டிராக்கிங் அறிக்கையில் சிஸ்டம் டைம் காட்டும் வித்தியாசத்தையும் (கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு), ரூட் டிலேயின் (மூலம் வரை போய்வரும் மொத்தத் தாமதம்) பாதியையும், ரூட் டிஸ்பெர்ஷனையும் (வழியில் சேர்ந்துவரும் பிழை மதிப்பீடு) கூட்டிக் குறித்துவையுங்கள். உங்கள் நேரம் அதிகபட்சம் எவ்வளவு பிசகியிருக்கலாம் என்பதற்கான எல்லை அது. பரபரப்பான வேலை நேரத்திலும், பேக்கப் ஓடும் நள்ளிரவிலும் அந்த எண் உங்கள் தேவைக்குள் நின்றால், புது சுவிட்சுகளுக்கான கொள்முதல் கோப்பை மூடிவிடலாம்.